நான் தீர்க்க சுமங்கலி ஆன கதை

கார்ட்டூன் பார்த்துக் கெட்டுப்போனவர்கள் என்று யாராவது பட்டியல் எடுத்தால் அதில் குழந்தைகள்தான் இருப்பார்கள். இருபத்துமூன்று வயதில், பி.காம். முடித்து, மீசையும் வைத்துக்கொண்டு கெட்டுப்போனவன் அநேகமாக நான் ஒருவன்தான். (கார்ட்டூன் என்று சொல்லக் கூடாது, அனிமே என்று சொல்ல வேண்டும். இதற்காக ஒரு காலத்தில் அம்மாவிடம் ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். அம்மா அதைக் கவனிக்கவில்லை.)

அப்போது எனக்கு வேலை கிடைக்கவில்லை. ஸ்ரீவராகத்தில், மலையாளம் கலந்த தமிழ் பேசும் எங்கள் தெருவில், வீட்டு முன்னறையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போனும் நானுமாகக் கிடப்பேன். திரையில் ஜப்பானியர்கள் ஓடுவார்கள், விழுவார்கள், எழுந்து நின்று கண்ணீரோடு வாழ்க்கையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்வார்கள். கீழே ஆங்கிலத்தில் வரும் அந்த வாக்கியத்தை நான் ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொள்வேன். ‘கண்ணீர் பலவீனம் அல்ல.’ ‘சொல்லாத சொல் நெஞ்சில் துருப்பிடிக்கும்.’ ‘எதிரிக்கும் ஒரு பிளாஷ்பேக் உண்டு.’ இப்படி நூற்று இருபது பக்கம்.

எழுதியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கடைப்பிடிக்கவும் ஆரம்பித்தேன். சாலை பஜாரில் ஒருவர் எனக்கு அழுகிய தக்காளியைக் கட்டிக் கொடுத்தபோது நான் சண்டை போடவில்லை. அவருடைய பிளாஷ்பேக்கை நினைத்து மனம் கலங்கி வாங்கி வந்துவிட்டேன். அம்மா பையைத் திறந்து பார்த்தாள். “அவருக்குத் துக்கமான பால்யம் இருந்துட்டுப் போகட்டும். நீ போய் இதைத் திருப்பிக் குடுத்துட்டு வா” என்றாள்.

இத்தனை காட்சிகளில் என்னை அடியோடு சாய்த்தது மன்னிப்புக் கேட்கும் காட்சிதான். தப்புச் செய்தவன் மண்டியிடுவான். இரண்டு உள்ளங்கையையும் தரையில் பதித்து, நெற்றியைத் தரையில் வைத்து, அப்படியே அசையாமல் கிடப்பான். எதிரில் நிற்பவரின் கோபம் கரையும். பின்னணியில் வயலின். எங்கிருந்தோ பூ உதிரும். அதைப் பார்த்து நான் எத்தனை தடவை அழுதேன் என்று வெளியில் சொல்வதில்லை.

அந்தச் சமயத்தில்தான் மைதிலி அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. எங்கள் தெருவின் கடைசி வீட்டு மணி மாமாவின் பிள்ளை ஹரி. ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் ஏதோ கம்பெனியில் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. ஞாயிற்றுக்கிழமை வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. பதில் நாங்கள் சொல்ல வேண்டும்.

அக்கா தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் பெங்களூரில் இடம் வாங்கி வைத்திருந்தாள். அடுத்த திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். இரண்டு வருஷம் அலைந்து வாங்கிய இடம்.

“ஹரியைக் குத்தம் சொல்ல ஒண்ணும் இல்லைப்பா. ஆனா அவாளுக்கு உடனே கல்யாணம் நடக்கணும், பொண்ணு இங்கேயே இருக்கணும். நேக்கு இப்போ வேண்டாம். சீட்டுப் போயிடும்.”

“நீ வேண்டாம்னா வேண்டாம்” என்று அப்பா ஒரு நொடியில் சொல்லிவிட்டார். அதை மணி மாமாவிடம் சொல்வதற்குத்தான் நாள் பிடித்தது. இருவரும் தினமும் காலையில் கோவிலில் பார்த்துக்கொள்கிறவர்கள். சொல்லிவிட்டு வருகிறேன் என்று அப்பா புறப்படுவார். பிரசாதத்தோடு திரும்பி வருவார். புதன்கிழமை வரை இதே கதை.

“விடுங்கோ, நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்” என்றாள் அக்கா.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

“போன்ல சொல்றது அவாளுக்கு அவமானம். இதெல்லாம் நேருக்கு நேர் சொல்லணும். நான் போறேன்.”

“நீயா?”

“உள்ளத்துலேர்ந்து மன்னிப்புக் கேட்டுட்டு, அப்பறம் விஷயத்தைச் சொல்லுவேன்.”

“உள்ளத்துலேர்ந்து எல்லாம் வேண்டாம்டா ரகு. வாயிலேர்ந்து சொன்னாப் போதும்.”

அக்காவுக்குச் சந்தேகம்தான். ஆனால் நான் கேட்ட கேள்வி அவளை மடக்கிவிட்டது. “என்னை நம்ப மாட்டயா?” என்று கேட்டேன். (இதுவும் நோட்டிலிருந்து எடுத்ததுதான்.) “சரி, நம்பறேன்” என்றாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். மணி மாமா ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். லலிதா மாமி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஹரி அண்ணா கழுத்தில் ஹெட்போனோடு உள்ளறை வாசலில் வந்து நின்றார். மூன்று பேரும் இருந்தது எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது. அந்தத் தொடர்களில் எப்போதும் குடும்பமே கூடியிருக்கும்.

மண்டியிட்டேன். உள்ளங்கைகளைப் பதித்தேன். நெற்றியைச் சிமெண்டுத் தரையில் வைத்தேன். “மன்னிக்கணும்” என்று ஆரம்பித்தேன். முகம் தரையோடு இருந்ததால் வார்த்தையைத் தரையே வாங்கிக்கொண்டுவிட்டது. மேலே “ம்… ம்” என்றுதான் கேட்டிருக்கும். போகட்டும், ‘எதற்கு இப்படி?’ என்று அவர்கள் கேட்பார்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று கிடந்தேன்.

நான் மறந்துபோனது இதுதான். எங்கள் தெருவில் ஒருவன் காலடியில் விழுந்தால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். முதலில் ஆசீர்வாதம் வரும். அதைவிட முக்கியமான இன்னொன்று: ஆண்பிள்ளை என்றால் குப்புற நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, எழுந்து, காதைப் பிடித்துக்கொண்டு கோத்திரம் சொல்லி அபிவாதயே சொல்ல வேண்டும். மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைப்பது பெண்கள் பண்ணும் நமஸ்காரம்.

“என்னடா ரகு, பொம்மனாட்டி மாதிரி நமஸ்காரம் பண்றே?” என்றார் மாமா. “அபிவாதயே எங்கே?”

பீன்ஸ் நறுக்கும் சத்தம் நின்றது.

“ஏன்னா, உங்களுக்குப் புரியலையா?” என்றாள் மாமி. “அக்காவுக்காகப் பண்றான். அவ வந்து பண்ணக் கூச்சப்பட்டுண்டு தம்பியை அனுப்பிச்சிருக்கா. மைதிலிக்குச் சம்மதம்.”

“அப்படியா விஷயம்?” மாமா எழுந்துவிட்டார்.

மாமியின் கை என் தலைமேல் வந்து உட்கார்ந்தது.

“தீர்க்க சுமங்கலி பவ.”

மீசையோடு, பி.காம். பட்டத்தோடு, நான் தீர்க்க சுமங்கலி ஆனேன்.

இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். தலையை நிமிர்த்தினேன். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ‘மாமி, அப்படி இல்லை’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாமி அதில் சர்க்கரையைப் போட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மடமடவென்று நடந்தது. தட்டு வந்தது. வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு சீப்புப் பழம், மேலே ஒரு தேங்காய். “அக்காட்ட குடு, கேட்டயோ” என்று மாமி என் கையில் வைத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். வாய் முழுக்கச் சர்க்கரை. தலையை வேறு ஆட்டினேன்.

ஹரி அண்ணா என்னோடு கேட் வரை வந்தார்.

“ரகு, நீ வேற ஏதாவது சொல்ல வந்தயோ?”

“இல்லையே.”

“இல்லை, அந்த சீரிஸ் எல்லாம் நானும் காணறவன்தான். நீ விழுந்தது நமஸ்காரம் மாதிரித் தோணலை. அது மன்னிப்புக் கேக்கறதில்லையோ?” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “என்னவா இருந்தாலும் சாரமில்லை, பரவாயில்லை. இப்போ சொன்னா நான் உள்ளே போய்ப் பேசிக்கறேன்.”

அவர் காத்திருந்தார். மொத்தத் தெருவிலும் நான் செய்ததைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர், எனக்கு வழியையும் திறந்து விட்டுக்கொண்டு நிற்கிறார். நூற்று இருபது பக்க நோட்டில் இதற்கென்றே பத்துப் பக்கமாவது எழுதி வைத்திருந்தேன்.

“சும்மாதான் ஹரி அண்ணா. ஒண்ணும் இல்லை” என்றேன்.

“ஷரி” என்றார். தட்டிலிருந்து உருளப்போன தேங்காயை எடுத்து நேராக வைத்துவிட்டு உள்ளே போனார். இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“சொல்லிட்டயா?”

“போயிட்டு வந்தேன்.”

“வேண்டாம்னு சொன்னதுக்கு யாருடா தேங்காய் குடுப்பா?”

நான் பதில் சொல்வதற்குள் அப்பாவின் போன் அடித்தது. மணி மாமா. அப்பா “ஆமாம்… ஆமாம்… ரொம்ப சந்தோஷம்” என்று வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது. “என்னை சம்பந்தின்னு கூப்பிடறான். நான் என்ன சொல்றது?” என்றார். (எங்கள் வீட்டில் கோழைத்தனம் ஆண்வழிச் சொத்து.)

அக்கா சர்டிபிகேட் வாங்கக் காலேஜுக்குப் போயிருந்தாள். மத்தியானம் திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். “எதிராத்து மாமி என் கையைப் பிடிச்சுண்டு சந்தோஷம்கறா. லலிதா மாமி பாயசம் குடுத்தனுப்பினாளாம். என்னடா நடக்கறது?”

நான் விளக்கினேன். ஜப்பானில் எப்படி மன்னிப்புக் கேட்பார்கள், அதில் கையின் நிலை என்ன, நெற்றியின் நிலை என்ன, எல்லாம். அக்கா கேட்டது ஒன்றுதான்.

“வேண்டாம்னு சொன்னயா?”

“விழுந்தேன்.”

“சொன்னயா?”

“இல்லை.”

அவள் திட்டவில்லை. கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள். தட்டைக் கையில் எடுத்தாள். “நீயும் வா” என்றாள். பட்டப்பகலில் அந்தத் தெருவில் அவள் பின்னாலேயே நடந்தேன். எதிரில் வந்தவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நல்ல மனசோடுதான் சிரித்தார்கள். அதுதான் தாங்கவில்லை.

லலிதா மாமி கரண்டியோடு ஓடி வந்தாள். “வா, வா, உள்ளே வா.”

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். “மாமி, நேக்கு இப்போ கல்யாணம் வேண்டாம். பெங்களூர்ல படிக்கப் போறேன். அதைச் சொல்லத்தான் இவனை அனுப்பினோம். இவன் சொல்லலை. தப்பு எங்க மேலதான். மன்னிச்சுக்கோங்கோ.”

அவ்வளவுதான். மண்டியிடவில்லை, கண்ணீர் இல்லை. அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

மாமி என்னைப் பார்த்தாள். “நமஸ்காரம் பண்ணினானே” என்றாள்.

“அது மன்னிப்பாம் மாமி. அவன் காணற படத்துல அப்படித்தான் கேப்பாளாம்.”

“நான் பதினோரு ஆத்துக்குப் பாயசம் குடுத்தனுப்பிட்டேனேம்மா.” மாமியின் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

மணி மாமா பேப்பரை எடுத்துக்கொண்டார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

“விடு அம்மா” என்றார் ஹரி அண்ணா. “நேக்கு அப்பவே ஒரு சம்சயம் இருந்தது. கேட்லவெச்சுக் கேட்டேன். ஒண்ணும் இல்லைன்னான்.”

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். இதை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

அவள் முன்னால் நடந்து வீடு வந்து சேர்ந்தாள். வாசலில் நின்று சொன்னாள்: “போன்ல சொல்றேன்னேன். நீதான் அவமானம்னே. உன்னை நம்பி அனுப்பினேன்டா.”

அன்று சாயங்காலம் லலிதா மாமி, தான் பாயசம் அனுப்பிய பதினோரு வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போய், கல்யாணம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். எங்கள் ஜன்னலிலிருந்து தெரிந்தது. ஒவ்வொரு வாசலிலும் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் இறங்கிப் போய் ‘நான் சொல்கிறேன் மாமி, நீங்கள் வீட்டுக்குப் போங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

திங்கட்கிழமை அக்கா பெங்களூர் போனாள். இன்று தவளைகள் விஷயத்தில் அவள் டாக்டர். ஹரி அண்ணாவுக்கும் அடுத்த வருஷமே நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. எனக்குப் புதுத் தொடர்களின் பெயரை இன்றும் அனுப்புகிறார். மாமி மட்டும் ரொம்ப நாள் வரை என்னைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். என் பெயர் வீட்டில் மாறிவிட்டது. அக்கா போன் பண்ணினால் “சுமங்கலி ஆத்துல இருக்காளா?” என்றுதான் கேட்பாள். வெள்ளிக்கிழமை அம்மா குங்குமத்தை முதலில் எனக்கு நீட்டுவாள்.

ஆறு வருஷம் கழித்து என் கல்யாணத்துக்கு மாமாவும் மாமியும் வந்தார்கள். நானும் என் மனைவியும் சேர்ந்து நமஸ்காரம் பண்ணினோம். இந்தத் தடவை சாஸ்திரப்படி குப்புறக் கிடந்தேன். மேலே மாமியின் குரல் கேட்டது.

“எழுந்திருக்காதே. இது எதுக்குன்னு முதல்ல சொல்லு.”

மண்டபமே சிரித்தது. அக்காவின் சிரிப்பு தனியாகக் கேட்டது. ஜமக்காளத்தில் முகத்தை வைத்துக்கொண்டே நான் சொன்னேன்.

“மன்னிப்புக்குத்தான் மாமி. அன்னிக்கே சொல்லியிருக்கணும். ஹரி அண்ணா கேட்டபோதும் சொல்லலை. நீங்க வீடு வீடாப் போனதை ஜன்னல் வழியாப் பாத்துண்டு இருந்தேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது.  பிறகு என் தலைமேல் ஒரு கை வந்தது.

“தீர்க்க சுமங்கலி பவ.”

பக்கத்திலேயே நமஸ்காரம் பண்ணிக்கொண்டிருந்த என் மனைவி, அந்த ஆசீர்வாதம் முறைப்படி தனக்குத்தான் என்று சொல்கிறாள். கை என் தலைமேல்தான் இருந்தது என்று நான் சொல்கிறேன். வருஷா வருஷம் கல்யாண நாளன்று இந்தச் சண்டை நடக்கிறது. லலிதா மாமியிடம் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.