முதுகு காட்டும் போராட்டம்

"நாலு டிக்கெட்! குடும்பத்தோட போறோம்!" என்று பீட்ரூட் சூப் கிண்ணங்களுக்கு நடுவே டிக்கெட்டுகளைப் பரப்பினார் காஸிமிர் கோவாலெக். அவருடைய மருமகன் எட்வினுக்குச் சூப் புரையேறிற்று.

"எந்த ஆட்டத்துக்கு மாமா?"

"எந்த ஆட்டமா? சிகாகோவே இதைத்தான் பேசுது! நம்ம ஒயிட் சாக்ஸும் அந்த வடக்குப் பயலுக கப்ஸும் மோதுற பேஸ்பால் ஆட்டம். ரெண்டு லீகையும் இந்த வருஷம் கலந்து விட்டுட்டானுங்களே!"

மாமியார் ஸ்டெஃபனியா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். மனைவி லொரெட்டாவின் கையிலிருந்த கரண்டி நழுவித் தரையில் விழுந்தது.

"நாம போய்த்தான் ஆகணுமாப்பா?" என்றாள்.

"நம்ம சாக்ஸ் ரசிகர் சங்கத்துல அத்தனை பேரும் வாங்கறான். நான் மட்டும் வாங்கலைன்னா நாலு பேர் என்ன நினைப்பான்?"

எட்வின் தண்ணீர் குடித்தான். தண்ணீரும் புரையேறிற்று.

சாக்ஸின் கோட்டையான தெற்குப் பக்கத்தில் பெண் கேட்டுப் போகிறவனிடம் வேலை, வருமானம், குணம் எல்லாம் அப்புறம்தான் விசாரிப்பார்கள். காஸிமிர் கேட்ட முதல் கேள்வியே "நீ எந்த டீம்?" என்பதுதான். வடக்கே, கப்ஸ் மைதானத்துச் சுவருக்கு அடுத்த தெருவில் பிறந்து, அந்தச் சுவர் தாண்டி விழும் பந்துகளைப் பொறுக்கியே வளர்ந்தவன் எட்வின். அன்று அவன் லொரெட்டாவின் கண்களை ஒரு தடவை பார்த்தான். "சாக்ஸ்தான், வேறென்ன?" என்று சொல்லிவிட்டான். காதலுக்குக் கண் இல்லை என்பார்கள். எட்வின் விஷயத்தில் அதற்கு நாணயமும் இல்லை.

அந்தப் பொய்யால் இத்தனை வருஷமாக ஒரு சேதமும் இல்லை. கப்ஸ் நேஷனல் லீக், சாக்ஸ் அமெரிக்கன் லீக். இரண்டும் நிஜமாக மோத வேண்டுமென்றால் அக்டோபர் மாதம் இறுதிப் போட்டியான வேர்ல்ட் சீரீஸ் வரைக்கும் இரண்டுமே முன்னேறி வர வேண்டும். இரண்டு அணிகளின் யோக்கியதையும் தெரிந்தவன் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டான். எட்வின் அவ்வப்போது மாமனாரின் குழாய்க் கடை வண்டியை எடுத்துக்கொண்டு, குழாய் இறக்கப் போகிறேன் என்று வடக்கே போய்ப் பகல் ஆட்டம் பார்த்துவிட்டு, சாயங்காலம் நல்ல பிள்ளையாகத் திரும்பி வருவான். நல்லவேளையாக, எங்கே போனாய் என்று ஒருவரையொருவர் கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

இந்தக் கோடையில் கடைக்குப் புதுப் பலகை வைப்பதாக மாமனார் சொல்லியிருந்தார். 'கோவாலெக் குழாய்க் கடை' என்பது 'கோவாலெக் அண்ட் மருமகன்' ஆகப் போகிறது. அவரோ கப்ஸ் தொப்பியோடு வந்த ஒருவனுக்கு, நிலவறையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது என்று அவன் கெஞ்சியும் ஒரு வாஷர்கூட விற்காமல் விரட்டியவர். விஷயம் தெரிந்தால் பலகை என்ன, வாசற்படிகூட மிஞ்சாது. அதைவிட, லொரெட்டாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

"மாமா, நான் வரலை," என்றான்.

"ஏன்?"

ஒரு காரணமும் கிடைக்காதபோது மனிதன் கொள்கையைத் தேடுகிறான்.

"கொள்கை மாமா. லீகைக் கலக்கறதே தப்பு. நம்ம லீக்ல பந்து எறியறவனுக்குப் பதிலா மட்டை பிடிக்க ஒரு ஆள் உண்டு. அவங்க லீக்ல எறியறவனே மட்டையும் பிடிக்கணும். ஒரே மேசையில ரெண்டு சட்டம் வச்சுக்கிட்டுச் சீட்டாட முடியுமா?"

காஸிமிர் கரண்டியைக் கீழே வைத்தார். எழுந்தார். மேசையைச் சுற்றி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று எட்வின் தலையைக் குனிந்துகொண்டான்.

"மாப்ளே!" என்று அவனைக் கட்டிக்கொண்டார். "என் மனசுல கிடந்ததை அப்படியே சொல்லிட்டே! நாம போகவேணாம். ஒருத்தரும் போகவேணாம்!"

மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. லொரெட்டா அவனுக்கு இன்னொரு கரண்டி சூப் ஊற்றினாள். அதோடு வாயை மூடியிருந்தால் எட்வின் பிழைத்திருப்பான். நுணலும் தன் வாயால் கெடும்.

"இதை ஊருக்கே சொல்லணும் மாமா," என்றான்.

"சொல்லு. வியாழக்கிழமை சர்ச் மண்டபத்துல சங்கம் கூடுது. நீதான் பேசறே."

வியாழக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. லீகைக் கலப்பதற்கு ஆதரவாகப் பேச எழுந்தவர் கறிக்கடை புருனோ.

"அப்பன் பாட்டன் காலத்துலேர்ந்து பார்ல உக்காந்து, எங்க டீம் ஒசத்தியா உங்க டீம் ஒசத்தியான்னு மேசையைக் குத்திக்கிட்டிருக்கோம். மேசைதான் உடைஞ்சுது. இறங்கி ஆடிட்டா தெரிஞ்சுபோகுது! அந்த லீக்ல இருக்கற பெரிய ஆட்டக்காரனையெல்லாம் நம்ம பிள்ளைங்க டிவியிலதான் பாக்கணும்னு என்ன தலையெழுத்து? கூட்டம் வரும். என் சாசேஜும் விக்கும். இதுல யாருக்கய்யா நஷ்டம்?"

புருனோ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எட்வினுக்கு நியாயமாகவே பட்டது. ஆனாலும் எழுந்தான்.

"ஒரே கோப்பைக்கு ஆடற ரெண்டு டீம். ஒருத்தனுக்கு அந்த லீக்ல பலசாலியா அமையறான், இன்னொருத்தனுக்கு நோஞ்சான் அமையறான். இது என்ன கணக்கு? இன்னொண்ணு. ரெண்டு லீகும் அக்டோபர்லதான் முதமுதலா முகத்தைப் பாத்துக்கும். அதுலதான் ருசியே. கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு சம்பந்தியும் கட்டிப் புரண்டுட்டா, அப்புறம் சர்ச்சுல போய் வேடிக்கை பார்க்க என்ன இருக்கு?"

மண்டபம் அதிர்ந்தது. மாமனார் விசில் அடித்தார். அங்கேயே லீக் கலப்பு எதிர்ப்புக் குழு அமைந்து, எட்வின் அதற்குத் தலைவனாகவும் ஆகிவிட்டான்.

"எல்லாரும் ஆட்டத்தைப் புறக்கணிப்போம்!" என்று முழங்கினான் தலைவன். அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

"வீட்டுல காலை நீட்டிக்கிட்டுப் படுக்கறதுக்குப் பேரு போராட்டமா?" என்றார் புருனோ. "என் பூனைகூடத்தான் ஆட்டத்துக்குப் போகலை."

மண்டபம் சிரித்தது. காஸிமிருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"எவன்டா சொன்னான் போகமாட்டோம்னு? என் குடும்பம் போகும்! போய், ஆட்டம் முடியற வரைக்கும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கும்!"

சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் திகைத்து நின்றார். அதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், கடையில் குழாய் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது என்று எட்வின் படுத்துவிட்டான். மாமியார் முட்டைக்கோஸ் இலையை வெந்நீரில் வாட்டி அவன் முதுகில் வைத்துக் கட்டினாள். எட்வின் முழுக்கச் சமையற்கட்டு வாசனையோடு கிடந்தான்.

"என்னால அவ்வளவு உசரம் படியேற முடியாது மாமா. நீங்க போயிட்டு வாங்க."

"தலைவர் இல்லாம போராட்டமா? நீ கவலைப்படாதே!"

மறுநாள் காஸிமிர் வேறு டிக்கெட்டுகளோடு வந்தார்.

"மேல் மாடி டிக்கெட்டை மாத்திட்டேன். ஒரு படிகூட ஏற வேணாம். தரையோட தரையா, முத வரிசை. என்ன, கப்ஸ்காரனுக உக்கார்ற பெஞ்சுக்கு நேர் பின்னாடி அமைஞ்சுபோச்சு. வேற எங்கயும் கிடைக்கலை, மாப்ளே. என்ன பண்றது!"

ஆட்டத்தன்று நால்வரும் சாக்ஸ் மைதானத்தின் முதல் வரிசையில், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, 'லீகைக் கலக்காதே!' என்ற அட்டைகளோடு நின்றார்கள்.

"யோவ், உக்காருங்க! மறைக்குது!" என்றது பின் வரிசை.

"உங்க மூஞ்சியைப் பாக்கவா டிக்கெட் வாங்கினோம்?" என்றாள் ஒருத்தி.

எட்வின் பல்லைக் கடித்துக்கொண்டான். ஆட்டம்தான் தெரியாதே, பயமில்லை என்று எண்ணியிருந்தான். ஆனால் எதிரே ஆயிரக்கணக்கான சாக்ஸ் ரசிகர்களின் முகம் தெரிந்தது. அந்த முகங்கள் மலர்ந்தால் அவன் வயிறு எரிந்தது. அவை தொங்கிப்போனால் அவனுக்குள் தேன் பாய்ந்தது. திரும்பிப் பார்க்காமலே அவனுக்கு முழு ஆட்டமும் புரிந்துகொண்டிருந்தது.

திடீரென்று முதுகுக்குப் பின்னால் மட்டையின் சத்தம். சுவருக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். எதிரே அத்தனை மோவாய்களும் மெல்ல உயர்ந்தன, கண்கள் வானத்தில் எதையோ தொடர்ந்து போயின, பிறகு எல்லா முகங்களும் ஒன்றாகச் சுருங்கின.

எட்வின் துள்ளித் திரும்பினான். அட்டை பறந்தது.

"போச்சு! போச்சு! சுவரைத் தாண்டிப் போச்சுடா! ஹோம் ரன்! கப்ஸ்டா!"

இரண்டு முழம் உயரம் குதித்தான். மைதானத்துப் பெரிய திரையில், இடுப்பிலிருந்து முட்டைக்கோஸ் இலை உதிர அவன் குதிப்பதைத் தெற்குப் பக்கம் முழுவதும் பார்த்தது.

கீழே இறங்கியபோதுதான் அவனுக்கு நினைவு வந்தது. மெதுவாகத் திரும்பினான். மாமனாரின் கழுத்து நரம்பு புடைத்து, முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. மாமியார் கைக்குட்டையை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். லொரெட்டாவின் கண்களில் நீர் தளும்பியது.

"மாப்ளே," என்றார் காஸிமிர் கரகரத்த குரலில். "உன் முதுகு?"

"சரியாப்போச்சு மாமா."

"நீ..."

"வடக்கு மாமா. பொறந்ததுலேர்ந்தே வடக்கு." சொல்லும்போது எட்வினுக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. கூடவே நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கினாற்போலவும் இருந்தது. "பொண்ணு குடுக்கமாட்டீங்களோன்னு பயந்து மறைச்சுட்டேன்."

"என் வீட்டுச் சூப்பைக் குடிச்சுக்கிட்டு! பலகைக்குப் பெயிண்ட் வரைக்கும் வாங்கி வச்சேனேடா!"

"கட்டின பொண்டாட்டிகிட்டக்கூடவா மறைப்பே?" என்றாள் லொரெட்டா. "எப்படி எட்வின் உனக்கு மனசு வந்தது?"

"இந்தக் குடும்பத்துல யாராவது இப்படி ரெட்டை வேஷம் போட்டு வாழ்ந்திருக்கோமா?" என்று மாமியார் கைக்குட்டைக்குள் விசும்பினாள்.

எட்வின் தலை நிமிரவில்லை. மனைவியின் கையைப் பிடிக்கப் போனான். அவள் விலக்கிக்கொண்டாள். கடை போகட்டும், அவள் ஒருத்தி மன்னித்தால் போதும் என்று இருந்தது அவனுக்கு.

அப்போது கழுத்தில் பியர் தட்டை மாட்டிக்கொண்டு ஒரு நரைத்த மனிதர் நடைபாதையில் இறங்கி வந்தார். இந்த ஊரில் பியர் விற்கிறவர்களுக்கு வடக்கும் கிடையாது, தெற்கும் கிடையாது. எந்த மைதானத்தில் ஆட்டமோ அங்கே தட்டைத் தூக்கிக்கொண்டு போவார்கள். வரிசையின் முனையில் நின்று, நாலு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அடடே! செவ்வாய்க்கிழமை பெரியவரு, புதன்கிழமை இந்த அம்மா, வெள்ளிக்கிழமை இந்தப் பொண்ணு, எப்பவாவது குழாய் வண்டியில வர்ற இந்தத் தம்பி! வடக்கு மைதானத்துல தனித்தனியா வந்து கப்ஸுக்குத் தொண்டை கிழியக் கத்துவீங்களே, நீங்க எல்லாம் ஒரே குடும்பமா?"