மணல் மூட்டையும் உன் அக்காவும்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனருக்கு (மரியாதை கொஞ்ச நாளாகக் குறைவுதான்), உன் அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீயும் உன் வீட்டாரும் அதைவிட மேலாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்ததும் நீ ஓடி வந்தாய், அழுதாய், போகிற போக்கில் முதியோர் இல்லத்தில் அவளுக்கு ஒரு கட்டிலுக்கும் சொல்லிவிட்டுப் போனாய். "உங்களால உங்களையே தூக்கிக்க முடியல, அக்காவ எப்படித் தூக்குவீங்க அத்தான்?" என்று நீ கேட்டதில் தப்பில்லை; அன்று காலை கழிப்பறையில் எழுந்திருக்க நான் குழாயைப் பிடித்ததும், குழாய் என் கையோடு வந்ததும் நீ அறிந்ததுதான். ஆனால் அவள் இல்லாத வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன் என்று நீ யோசிக்கவில்லை. மூன்று மாதத்தில், அவளுக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் அம்மா முன்னால் அவளைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு நான் பத்திரமாக மாற்றிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இல்லம்தான் என்று தீர்ப்புச் சொன்னாய்.

ஆகவே எழுபத்தொரு வயதில் ஜிம்முக்குப் போனேன். அங்கே மாஸ்டர் என்று ஒருவன், கழுத்து இருக்கவேண்டிய இடத்திலும் தோளே இருந்தது. "வாக்கிங் போகலாமே அங்கிள்" என்றான். "சம்சாரத்தத் தூக்கணும் தம்பி" என்றேன். சுற்றியிருந்த பையன்கள் சிரிக்க, எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்து எதிரே கிடந்த இரும்பை எடுத்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது, கோணலாகவே வீடு வந்து சேர்ந்தேன். "என்னங்க, ஒருத்தர் படுத்தாப் போதாதா?" என்றாள் உன் அக்கா. பிசியோதெரபிஸ்ட் அம்மாவும் விடவில்லை. "கையில பலம் வந்து என்ன பண்றது? தொடையில வரணும். கை ஊணாம நாற்காலியிலேருந்து எழுந்து பழகுங்க, அப்புறம் மெதுவா எடையக் கூட்டுங்க." இது ஒரு பயிற்சியா என்று இளக்காரமாக உட்கார்ந்தேன். நாலு தடவை எழுந்தேன். ஐந்தாவது தடவை நாற்காலியும் கூடவே எழுந்தது.

நான் லிஃப்ட் மெக்கானிக்காகக் காலம் தள்ளியவன். ஆளை ஏற்றுமுன் மூட்டையை ஏற்றிச் சோதிப்பது எங்கள் தொழில் தர்மம். உன் அக்காவின் எடையை அவளிடமே கேட்டேன். கல்யாணத்தன்று இருந்ததைக் கூசாமல் சொன்னாள். ஆஸ்பத்திரியில் நிறுத்தது அறுபத்தெட்டு கிலோ. மணலை மூட்டை கட்டி மார்போடு அணைத்து அடுக்களையில் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். ஒருநாள் மூட்டை பிரிந்து கொட்ட, கீழ் வீட்டுக்காரர் வந்து, "என்ன சார், மாடி கட்டுறீங்களா?" என்றார். குட்டிக்கரணம் போட்டும் ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேல் என்னால் ஏற்ற முடியவில்லை. பயந்துபோனேன், உன்னிடம் சொல்ல வெட்கமென்ன.

ஆனால் நேற்று நடந்ததைக் கேள். பிசியோதெரபிஸ்ட் அம்மா பார்த்துக்கொண்டிருக்க, முழங்காலை மடக்கி, அவளை அணைத்துப் பிடித்து எழுந்தேன். சிரமமே இல்லை! மூட்டைக்கு இருந்த கனம் அவளுக்கு இல்லை. பூப்போல நாற்காலியில் வைத்தேன். "பயிற்சின்னா இதுதான்" என்று அந்த அம்மாவே கை தட்டினார். ஆகையால் அந்தக் கட்டிலை வேண்டாமென்று சொல்லிவிடு. நீ வரவும் வேண்டாம்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். மூத்தவன் என்ற முறையில் உனக்கும், அரைமனதாக.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து உன் அக்காவை நாற்காலியோடு நிறுத்தாள். பதினாறு கிலோ குறைந்திருக்கிறாள். நான் அடுக்களையில் மூட்டையோடு மல்லுக்கட்டும் நேரமெல்லாம் தன் தட்டில் பாதியைக் கட்டிலோரத்து ஜன்னல் வழியாகப் பூனைக்குப் போட்டிருக்கிறாள். "நீங்க படுற பாட்ட என்னால பார்க்க முடியல. என்னால குறைக்க முடிஞ்சது அது ஒண்ணுதான்" என்கிறாள். நல்லாயிருந்த வலது காலிலும் சதை வற்றிவிட்டதாம். நான் ஊட்டினால் வாயை இறுக்கிக்கொள்கிறாள். உடனே புறப்பட்டு வா, உன் பேச்சைக் கேட்பாள். அவள் பழையபடி அறுபத்தெட்டுக்கு வரட்டும். என்னால் தூக்க முடியாமல் போனால் போகட்டும், அந்த இல்லத்துக்கு நானே கொண்டுவந்து விடுகிறேன்.