ஒமிட் பண்ணத் தெரியாதவர்களுக்கு எல்கேஜி கிடையாது

எல்கேஜியில் சேர வரும் குழந்தைகளுக்குத் தேர்வு வைக்கக் கூடாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்த வருஷம் அது. கேளம்பாக்கத்தை அடுத்து, கோவளம் சாலையில் இருந்த ப்ளூ பெலிக்கன் நர்சரி பள்ளி அந்த உத்தரவைத் தலைமேல் வைத்துக்கொண்டது. குழந்தைகளை ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்று தீர்மானம் போட்டது. கேள்விகள் வீணாகக் கூடாதே என்று பெற்றோரைக் கேட்டது. சட்டத்தை மதிக்கிற பள்ளிக்கூடம்.

ரமாவும் விண்ணப்பம் வாங்கி வந்திருந்தாள். அவள் பொன்விளைந்தகளத்தூரில் பத்தாவது வரை தமிழில் படித்தவள். அவள் பெண் அதிதிக்கு மூன்றரை வயசு. இந்தப் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்தது திருப்போரூர்தான். ஆபீஸ் நேரத்துப் பஸ்ஸில் பெரியவர்களே ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். அதிதி எந்தக் காலில் நிற்பாள்?

எதிர்வீட்டுச் சரோஜாதான் துப்புக் கொண்டுவந்தாள்.

"இந்த வருஷம் ஒரே கேள்விதானாம். ஒமிட்டுன்ற வார்த்தைய வச்சு, தினமும் வூட்ல பேசுற மாதிரி ஒண்ணு பேசிக் காட்டணுமாம்."

"போன வருஷம் என்ன கேட்டா?"

"அட்ஜஸ்ட். அது ஊரு ஜனத்துக்கே தெரிஞ்சிருந்துச்சு. அதான் தூக்கிட்டாங்க."

"ஒமிட்டுன்னா என்ன அர்த்தம்?"

"வுட்டுடறதுதான். வுட்டுட்டேன்னு சொன்னா மறதின்னுவாங்க. ஒமிட் பண்ணிட்டேன்னு சொன்னா படிச்சவங்கன்னுவாங்க."

ரமாவிடம் ஒரு குறை உண்டு. பொய் சொன்னால் நாக்கு திக்கும். ஆகவே எதையாவது ஒமிட் பண்ணிவிட்டேன் என்று தங்குதடையில்லாமல் சொல்ல வேண்டுமானால், அதை நிஜமாகவே விட்டாக வேண்டும். மறுநாள் காலையிலேயே பயிற்சி ஆரம்பமானது.

"ஏன்னா, காபில சர்க்கரைய ஒமிட் பண்ணிட்டேன்."

புருஷன் ஆராவமுதன் ஒரு வாய் குடித்துவிட்டு, "அர்த்தம் நன்னாப் புரியறது" என்றான்.

மத்தியானம் சாத்தமுதில் உப்பு போயிற்று. சாயங்காலம் தோசையில் எண்ணெய் போயிற்று. கல்லை விட்டு வர மறுத்த தோசையை ஆராவமுதன் கல்லோடு வைத்துச் சுரண்டித் தின்றான். இன்னொன்றும் கேட்டு வாங்கித் தின்றான். அவனும் நேர்காணல் அறைக்குள் போய் உட்கார வேண்டியவன்தானே.

அவன் பங்குக்கு அந்த வார்த்தையைச் செங்கல்பட்டில் தன் அலுவலகத்துக்குக் கொண்டுபோனான். அங்கே அதுவரை மனுக்களைக் 'கிடப்பில் போடப்பட்டது' என்று சொல்லி வந்தார்கள். அந்தப் பேச்சால் பொதுமக்கள் மனம் புண்பட்டு வந்தது.

"சார், என் பட்டா மனு என்னாச்சு?" என்று கேட்டார் ஒரு பெரியவர்.

"ஒமிட் ஆயிருக்கு."

"நல்லதுங்களா?"

"ரொம்ப."

பெரியவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த மாதம் அந்த அலுவலகத்தின் மேல் ஒரு புகாரும் வரவில்லை.

தெருவிலும் வார்த்தை பரவியது. "யம்மா, இன்னிக்கு பால்ல தண்ணிய ஒமிட் பண்ட்டேன்" என்றான் பால்காரன். ரமா பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்து, "இல்லப்பா, நீ ஒமிட் பண்ணினது பாலை" என்றாள். மற்றபடி, பள்ளிக்கு விண்ணப்பித்த வீடுகளில் எல்லாரும் சற்று இளைத்திருந்தார்கள்.

நேர்காணல் நாள் வந்தது. ரமா பையை நான்கு தரம் சோதித்தாள். பிறப்புச் சான்றிதழ், போட்டோ, தடுப்பூசி அட்டை, தண்ணீர் பாட்டில், குடை. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. பக்தவத்சலத்தின் ஷேர் ஆட்டோவில் ஏறியதிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் உப்பு வாக்கியத்தை மாறி மாறி முணுமுணுத்தபடி வந்தார்கள். பள்ளி வாசலில் இறங்கினார்கள். முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய், முறை வரும் வரை காத்திருந்தார்கள்.

தாளாளர் பார்த்தசாரதி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, உப்பை மட்டும் சொல்லாதீங்க. காலையிலிருந்து கேட்கிறேன். கேளம்பாக்கத்துல ஒரு வீட்டிலயும் உப்பு இல்லை."

ரமா ஆராவமுதனைப் பார்த்தாள். உப்பை விட்டால் அவளிடம் சர்க்கரைதான் இருந்தது. அதையும் முந்தின தம்பதி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஆராவமுதன் மேஜையின் காலைப் பார்த்தான். திருப்போரூர் பஸ் ரமாவின் கண்முன் வந்து நின்றது.

அப்போது கதவு திறந்தது. பக்தவத்சலம் நின்றான். அவன் தோளில் அதிதி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார் நீங்க, கொயந்தைய வண்டியிலேயே வுட்டுட்டு போய்க்கினே கீறீங்க. பின்சீட்ல படுத்துகினு கீது. நான் முட்டுக்காடு வரைக்கும் போய்ட்டு இப்பத்தான் திரும்பி வரேன்."

ரமா குழந்தையைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். தாளாளரைப் பார்த்தாள். நாக்கு கொஞ்சமும் திக்கவில்லை.

"சார், இன்னிக்கு ஆட்டோவுல எங்க குழந்தைய ஒமிட் பண்ணிட்டோம்."

பார்த்தசாரதி எழுந்தே விட்டார்.

"இது வாக்கியம். சொந்த அனுபவம். மனப்பாடம் இல்லை."

அதிதி கண்ணைத் திறந்து, "அம்மா, பசிக்கறது" என்றாள்.

"குழந்தையைப் பேச விடாதீங்க. உத்தரவு இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார்.

இடம் கிடைத்த வாக்கியம் எது என்பது அன்று சாயங்காலத்துக்குள் கோவளம் வரை தெரிந்துவிட்டது. மறுநாள் நேர்காணலுக்கு வந்த பெற்றோர் அத்தனை பேரும், ஆட்டோவை விட்டு இறங்கும்போது குழந்தையை மிகுந்த கவனத்தோடு மறந்தார்கள். பக்தவத்சலத்துக்குச் சவாரி ஏற்ற இடமில்லை. "பேஜாராப் போச்சே நைனா" என்று தலையில் அடித்துக்கொண்டான். ஆளுக்கொரு பன் வாங்கிக் கொடுத்தான். திரும்ப வந்த பெற்றோர் அவன் கையில் எதையோ திணித்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் எண்ணிப் பார்த்தான். ஆட்டோ ஓட்டுவது புத்தியுள்ளவன் செய்கிற வேலையில்லை என்று புரிந்தது.

அதற்கப்புறம் ரமாவுக்கு ஒரு பிள்ளை பிறந்தான். ஸ்ரேயாஸ் நடக்கத் தொடங்கிக் கொஞ்ச நாளில் அவனையும் எங்காவது சேர்க்க வேண்டியிருந்தது. அந்த வட்டாரத்திலேயே பேர்போனது, ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த பக்தா ப்ளே ஸ்கூல். காக்கிச் சட்டைமேல் டை கட்டிக்கொண்டு தாளாளர் பக்தவத்சலம் உட்கார்ந்திருந்தார். அறைக்குள் சுவரோரம் பெஞ்சு போட்டு, ஏகப்பட்ட பெற்றோர் காத்திருந்தார்கள்.

"அண்ணாத்த, எங்களத் தெரியறதா?" என்றாள் ரமா.

"தெரியாம இன்னாமா? அதுக்காவ இண்டர்வ்யூ இல்லாம வுட முடியாது. ரூல்ஸு. கொயந்த எங்க?"

ரமா இதற்குத்தான் காத்திருந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாசலில் ஷேர் ஆட்டோவின் புது டிரைவரை நிற்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"ஆட்டோவுல ஒமிட் பண்ணிட்டோம்."

பக்தவத்சலம் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"அது பழைய சிலபஸ்மா."

வெளியே ஷேர் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பெற்றோரும் ஒன்றாக எழுந்து வாசலுக்கு ஓடினார்கள்.