வாடகைக் குடையில் போன கலியாணம்

புத்தி குறைந்தவன் வியாபாரத்தில் தான் மட்டும் நட்டப்படுவான். புத்தி கொஞ்சம் கூடிப்போனவன் சுற்றி நிற்கிறவர்களையும் இழுத்துக்கொண்டு போவான். நான் இரண்டாவது வகை.

எழுபதுகளின் கடைசியில், வெளிநாட்டுச் சாமான்கள் வந்து குவியத் தொடங்கிய புதிதில், நானும் அக்காவின் புருஷன் சிவகுரு அத்தானும் எங்கள் ஊர் இறுப்பிட்டியில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தோம். சின்னக் கடைக்கும் பெரிய யோசனை வேண்டும் என்பது என் கொள்கை. சின்னக் கடைக்கு நல்ல பூட்டு இருந்தால் போதும் என்பது அத்தானின் கொள்கை. அவரைக் கேளாமல் கொழும்பில் ஒரு கட்டுக் குடை வாங்கி வந்தேன். ஒன்றுகூட விலைப்படவில்லை. (எங்கள் சனம் வெயிலுக்குத் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு போகிற சனம்.)

"திருப்பி அனுப்பும்," என்றார் அத்தான்.

"விக்க ஏலாட்டி வாடகைக்கு விடுவம் அத்தான். இதுதான் புது முறை."

"ஆர் எடுப்பினம்?"

"உங்கடை தம்பிக்குக் கலியாணம் வருகுதெல்லே?"

பொம்பிளை வீடு நயினாதீவு. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலம். கடல் வாரி அடிக்கும். குறிகட்டுவான் துறையில் நின்று, "பட்டுச்சீலை நனைஞ்சால் பிறகு என்னைக் கேக்கக்கூடாது," என்று வெருட்டி, மாப்பிள்ளை உட்பட எல்லாருடைய கையிலும் குடையைத் திணித்தேன். சொந்த அக்காவிடமும் வாடகை வாங்கினேன்.

பாதிக் கடலில் வள்ளத்தின் மோட்டார் இருமிவிட்டு நின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு அலை அடிக்க, அத்தனை குடைகளும் ஒன்றாக, காற்றுக்குப் பாய்மரம்போல விரிந்தன. மோட்டார் ஓடியபோதுகூட அந்த வேகம் இருந்ததில்லை. வள்ளம் வடக்கே பறந்தது.

"குடையளை மடக்குங்கோ!" என்று வள்ளக்காரர் கத்தினார்.

நான் துள்ளி எழும்பினேன். "ஒருத்தரும் மடக்க வேண்டாம்! நயினாதீவு வரைக்கும் வாடகை குடுத்தனீங்கள்!"

சனம் என் பேச்சைக் கேட்டது. (வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.) கரையில் மேளத்தோடு காத்து நின்ற பொம்பிளை வீட்டார் வாயைப் பிளந்து பார்க்க, நாங்கள் நயினாதீவைக் கடந்து போனோம்.

அனலைதீவு மணலில் ஏறித்தான் வள்ளம் நின்றது. பொம்பிளையும் ஐயரும் மேளகாரரும் மீன்பிடி வள்ளங்களில் துரத்தி வந்து சேர்ந்தபோது முகூர்த்தம் முடியப் போகிற நேரம். மாப்பிள்ளை இன்னும் குடைக் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி நின்றார்.

"அதை விட்டிட்டு என்ரை கையைப் பிடியுங்கோ," என்றாள் பொம்பிளை.

பக்கத்துப் பிள்ளையார் கோயிலில், ஈர வேட்டியோடு தாலி கட்டினார். அத்தான் அட்சதையை மணமக்களுக்குக் கொஞ்சம் போட்டுவிட்டு, மிச்சத்தை என் முகத்தில் எறிந்தார்.

அவர்களுடைய மகளிடம் இன்றைக்கும் யாராவது, "அம்மா அப்பாவின்ரை கலியாணம் பொம்பிளை வீட்டிலையோ, மாப்பிள்ளை வீட்டிலையோ?" என்று கேட்டால், அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லுவாள்:

"குடை போன இடத்திலை."