லிமிட் அண்ணனும் என் சுறாப்புட்டும்

ஆக்லாந்தைச் சுற்றியுள்ள கடலில் சுறாக்களுக்கென்று ஒரு சங்கம் இருக்குமானால், அதன் நிரந்தரத் தலைவர் எங்கள் லிமிட் அண்ணன்தான். எதிர்த்து நிற்க ஒரு மீனும் வராது. அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும் என்பது என் கணிப்பு.

யாழ்ப்பாணத்துக்காரர். ஹில்ஸ்பரோவில் எங்களுக்கு அடுத்த வீடு. பாட்டனி டவுன்ஸில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்த்ததாலோ என்னவோ, இடுப்பில் எப்போதும் ஒரு அளவு டேப் தொங்கும். சனிக்கிழமை விடிந்தால் தூண்டிலும் கையுமாக மனுகாவ் உள்கடலின் கரையில் நிற்பார். தூண்டிலைப் போடுவதற்கு முன் போனை எடுத்து மீன்பிடி விதிகளை ஒருமுறை முழுக்கப் படிப்பார். போன வாரமும் படித்திருப்பார். "ஒரு கிழமையில மாத்தியிருந்தா?" என்பார்.

வெள்ளைச் சுறா தவறிச் சிக்கினாலும் உடனே விட்டுவிட வேண்டும். துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறியக் கூடாது. எந்த மீன் ஆனாலும் ஒரு நாளைக்கு ஆளுக்கு இவ்வளவுதான் லிமிட். இதையெல்லாம் மற்றவர்கள் தெரிந்து வைத்திருப்பார்கள், அண்ணனோ கும்பிடவே செய்வார். சட்டம் அளவு கேட்காத மீனையும் படுக்கவைத்து அளந்து நோட்டில் எழுதுவார். பிடித்த மீனை விற்கக் கூடாது, பண்டமாற்றும் கூடாது என்று ஒரு விதி உண்டு. ஒருமுறை எங்களுக்குக் கொஞ்சம் மீன் தந்தார். பதிலுக்கு நான் ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோனேன். வாசலிலேயே கைநீட்டித் தடுத்துவிட்டார்.

"வேண்டாம் தங்கச்சி. இது பண்டமாற்று."

"அண்ணே, இது வெறும் முறுக்கு."

"ஓம். முறுக்கும் பண்டம்தானே. ரெண்டு கிழமை கழிச்சுக் கொண்டு வாங்கோ, அப்ப சம்பந்தம் விட்டுப்போயிடும்."

கோயில் மண்டபத்தில் பந்தி பரிமாறுகிறவர்கள் அவரைக் கண்டால் வடைத் தட்டை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். ஆளுக்கு ரெண்டு என்று அவர் எண்ண ஆரம்பித்தால், மூன்றாவதை எடுத்தவர் அதைத் திரும்ப வைக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார்.

இந்த மனிதரிடம்தான் என் தலைவிதி போய் மாட்டியது.

மகள் பிறந்து மூன்று வாரம். பகல் எது, இரவு எது என்று தெரியாமல் வீட்டுக்குள் பாதி நடந்தும் பாதி மிதந்தும் கொண்டிருந்தேன். துணைக்கு வரவேண்டிய அம்மாவின் விசா இன்னும் கிடைக்கவில்லை. பால் போதாமல் குழந்தை அழும், அதைப் பார்த்து நான் அழுவேன். "சுறாப்புட்டு தின்னாத்தான்டி பால் சுரக்கும்" என்று அம்மா தூத்துக்குடியிலிருந்து தினமும் போனில் சொன்னாள். தூக்கமில்லாத தலைக்குள் அந்தப் புட்டு ஆவி பறக்க வந்து உட்கார்ந்துகொண்டது. இஞ்சி, பூண்டு வாசனைகூட வந்தது. அது கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று முழுசாக நம்பினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணன் மனைவியிடம் புலம்பியது அவர் காதில் விழுந்துவிட்டது.

"நாங்கள் வறை எண்டு சொல்லுறது" என்றார். "பிள்ளைப்பெத்தவளுக்குக் கடை மீன் குடுக்கப்படாது தங்கச்சி. நான் பிடிச்சுத் தாறன்."

இரண்டு சனிக்கிழமை வெறும் வாளியோடு திரும்பினார். மூன்றாவது வாரம், காற்றுப் படட்டும் என்று எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். நான் காரில் குழந்தையோடு இருந்தேன். மூடுபனி இன்னும் விலகவில்லை. கடல் எது, வானம் எது என்று பிரிக்க முடியவில்லை. அந்த வெள்ளைக்குள் அண்ணனும் என் கணவரும் முழங்காலளவு தண்ணீரில் நின்றார்கள். கண் சொருகியது. மறுபடி விழித்தபோது தூண்டில் வளைந்திருந்தது, இருவர் கைக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு சுறா புரண்டுகொண்டிருந்தது.

எனக்கு வாயில் எச்சில் ஊறியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

மீனைத் தண்ணீரிலேயே என் கணவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு அண்ணன் காரடிக்கு வந்தார். அளவு டேப்பை எடுக்கவில்லை.

"தங்கச்சி, இது வயித்தில குட்டியோட நிக்குது. இந்தக் காலத்தில பெத்துப்போடக் கரைக்குக் கிட்ட வாறதுகள்."

"அப்ப பிடிக்கக் கூடாதா அண்ணே? சட்டத்துல என்ன போட்டிருக்கு?"

"சட்டத்தில ஒண்டும் இல்லை. தாராளமா வச்சிருக்கலாம். ஒரு பிழையும் இல்லை." கடல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "பிடிச்சுத் தாறன் எண்டு உங்களுக்குச் சொல்லிப்போட்டன். அதுதான் உங்களையே கேக்கிறன்."

விதி இருந்தால் என்னைக் கேட்டிருக்கவே மாட்டார். மடியில் மகள் வெறும் வாயைச் சப்பிக்கொண்டிருந்தாள். அந்தப் புட்டு எனக்கு வேண்டும், அழுகை வரும் அளவுக்கு வேண்டும். இருந்தாலும் சொன்னேன்.

"விட்ருங்க அண்ணே."

அவர் திரும்பி ஓடிய வேகத்தைப் பார்க்க வேண்டும். கணவர் கையை எடுத்த பிறகும் சுறா சற்று நேரம் அவர்கள் கால் பக்கத்திலேயே நின்றது. பிறகு அவசரமில்லாமல் பனிக்குள் போனது.

மத்தியானம் கதவு தட்டும் சத்தம். அண்ணன் மூடிபோட்ட ஒரு பாத்திரத்தோடு நின்றார், பின்னால் அவர் மனைவி.

"இவர் கடையில மீன் வாங்கினவர்" என்றார் அக்கா, ஊரில் மழை பெய்த செய்தி சொல்வதுபோல.

"சுறாதான்" என்றார் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு. "சூடு ஆறமுதல் சாப்பிடுங்கோ."

தேங்காய்ப்பூ போட்டு வறுத்த வறை. எங்கள் ஊர்ப் புட்டு இல்லை, பரவாயில்லை. வழித்துச் சாப்பிட்டுவிட்டு, பல நாளுக்குப் பிறகு நான்கு மணிநேரம் தூங்கினேன். அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். சுறாவா, தூக்கமா, எது காரணமோ தெரியாது. சாயங்காலம் மகள் வயிறு முட்டக் குடித்தாள்.

அம்மா போன் செய்தாள். சுறா சாப்பிட்டேன் என்றதும் நம்பவில்லை.

"அந்த ஊர்ல உனக்கு யாருடி ஆக்கிப் போட்டா?"

"அண்ணன் வீட்டுல இருந்து வந்துச்சும்மா."

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. எந்த அண்ணன் என்று அம்மா கேட்கவில்லை. "அண்ணனை நான் கேட்டேன்னு சொல்லு" என்றாள்.