சுரமண்டலம் மாஸ்டரின் வெள்ளை நரம்புகள்

ஹார்ப் வாசிக்கிறவர்களுக்கு உலகத்தில் எத்தனையோ பேர் யோசனை சொல்லியிருப்பார்கள். ஆனால் ஹார்ப் வாசிக்கிறவர் ஒருவர்கூட இல்லாத தென்காசியில் நின்றுகொண்டும், நடந்துகொண்டும், பெரும்பாலும் ஓடிக்கொண்டும் யோசனை சொன்ன ஒரே மனிதர் எங்கள் டிரில் மாஸ்டர்தான். உட்கார்ந்து சொன்னதில்லை. முடிவெட்டும் கடை நாற்காலியைத் தவிர வேறெங்கும் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அங்கேயும் பாதி கிராப்பில் எழுந்துவிடுவார்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் அந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியாராகச் சேர்ந்தபோது, வாடகைக்கு இடமில்லாமல் அவர் வீட்டின் பின்கட்டில் ஒண்டிக்கொண்டேன். கல்யாணம் ஆகாத மனிதர். ஆள் நெட்டை. வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில். குளிக்கும்போது மட்டும் விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டுவார் என்று கேள்வி.

டிரில் மாஸ்டருக்கும் ஹார்ப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பூட்டுதான் சம்பந்தம். குற்றாலத்து பங்களாவில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் சீமைக்குத் திரும்பும்போது, மார்பு உயரத்துக்கு நிற்கிற அந்த ஹார்ப்பைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு பக்கம் தூண், மேலே வளைந்த கழுத்து, கீழே பலகை, நடுவில் முப்பது சொச்சம் நரம்பு. பள்ளிக்கூடத்தில் உருப்படியான பூட்டு இருந்தது விளையாட்டுச் சாமான் அறைக்கு மட்டும். ஆகவே அது கால்பந்துக்கும் ஈட்டிக்கும் நடுவே குடியேறியது. சாவி வைத்திருந்தவர் காவலரானார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் காதில் விழுந்த பெயரை வைத்து ஊர் அதைச் சுரமண்டலம் என்றது. கொஞ்ச நாளில் மாஸ்டரையும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

அந்த அம்மாள் கப்பலேறுமுன் அரைகுறைத் தமிழில் ஒரு பகல் முழுக்கச் சொல்லிக்கொடுத்த பராமரிப்பு முறைகளை மாஸ்டர் அப்படியே மனப்பாடம் செய்திருந்தார். பாக்கியைச் சொந்தமாகக் கண்டுபிடித்தார். இரண்டையும் சேர்த்து யார் அகப்பட்டாலும் கொட்டினார்.

முடிவெட்டுகிறவரிடம் ஒருநாள், "அண்ணாச்சி, நீங்க ஒரு ஹார்ப் வாங்கப் போறீயன்னு வச்சுக்கிடுவோம்" என்றார்.

"நான் எதுக்கு சார் அத வாங்குதேன்?"

"ஒரு பேச்சுக்கு! மொதல்ல கழுத்தப் பாக்கணும். பின்னால நின்னு ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுப் பாக்கணும். கழுத்து ஒரு பக்கமா முறுக்கியிருந்தா, சும்மா தந்தாலும் வேண்டாம்னு வந்துரணும். பலக லேசா தொப்ப போட்டிருக்கும். அதுக்குப் பயப்படப்பிடாது. அது நல்லது."

"சார், இப்ப உங்க கழுத்த ஆட்டாதீய. கத்தி கையில இருக்கு."

குற்றாலம் பஸ் கண்டக்டருக்கு இன்னொரு பாடம். எல்லா நரம்பையும் ஒரே நாளில் தளர்த்தக் கூடாது, வெயில் படுகிற சுவரோரம் வைக்கக் கூடாது, எண்ணெய்க் கையோடு தொடக் கூடாது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் "சரி சார், சரி சார்" என்பார். கடையநல்லூரிலிருந்து கைலி விற்க வருகிற வியாபாரி ஒருவர் மட்டும் விவரமான ஆள். மாஸ்டரைத் தூரத்தில் கண்டதுமே, "நான் இன்னும் ஹார்ப் வாங்கல மாஸ்டர்" என்று கத்திவிட்டு அடுத்த தெருவுக்குள் புகுந்துவிடுவார்.

சாரல் காலம் வந்தால் மனிதர் படாத பாடு படுவார். செங்கோட்டைப் பக்கம் மேகம் இறங்கினால் இவர் இங்கே அறைச் சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவார். கரையான் ஏறாமல் இருக்க ஹார்ப்பின் காலடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பார். தண்ணீர் வைத்தால் ஈரம் என்று உடனே எடுப்பார். எடுத்தால் கரையான் வருமே என்று திரும்ப வைப்பார். சுண்ணாம்புக் கல், பாச்சை உருண்டை, இரண்டு கம்பளி என்று அந்த அறைக்குள் பிரசவ வீட்டை விட அதிகக் கவனிப்பு நடந்தது. ஒருநாள் எட்டாம் வகுப்பை மைதானத்தில் நிறுத்தி, "கைகள் மேலே!" என்று விசில் ஊதினார். அந்த நேரம் பார்த்து நாலு தூறல் விழுந்தது. அறை ஜன்னல் ஞாபகம் வந்து ஓடினார். ஓடினவர் திரும்பவில்லை. பிள்ளைகள் மணி அடிக்கிற வரைக்கும் கையைத் தூக்கிக்கொண்டே நனைந்தார்கள். மறுநாள் பாதி வகுப்பால் பேனா பிடிக்க முடியவில்லை.

ஈரத்தில் முறுகி நரம்பு அறுந்தால் வேட்டுப் போட்ட மாதிரி சத்தம் வரும். மாற்று நரம்புக்குத் தென்காசியில் எங்கே போவது? நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். வயிற்றை அறுத்துத் தைக்கிற நரம்பு வேண்டும் என்றார்.

கம்பவுண்டர் பதறிப்போய், "யாருக்கு சார் ஆபரேஷன்?" என்றார்.

"எங்க வீட்டுப் பிள்ளைக்குன்னு வச்சுக்கிடும்வே. நயமானதாக் குடும்."

குற்றாலத்துக் கிளப்பில் கிழிந்த டென்னிஸ் மட்டைகளும் நரம்புக்காக அவருக்குத்தான் வந்து சேர்ந்தன. இப்படி ஒவ்வொன்றாக மாற்றிய பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் கம்பளியை விலக்கிக் காட்டினார். "பாரும்வே. முந்தி நடுநடுவே செவப்பும் கறுப்புமா அசிங்கமா இருந்துச்சு. பூசணம். இப்ப எல்லாம் வெள்ள. நம்ம பிள்ளைய யூனிபாரம் போட்டு வரிசையில நிக்கித மாதிரி இல்ல?"

இல்லை என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? வெளுவெளுவென்று கண்ணைப் பறித்தது. ஒருதடவையாவது மீட்டிக் காட்டுங்கள் அண்ணாச்சி என்றேன். நரம்புப் பக்கம் நீண்ட என் கையைத் தட்டிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் சினிமாக்காரர் வந்து சேர்ந்தார். அருவியில் படம் பிடிக்க வந்தவர், பெஞ்சு இரவல் கேட்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, ஹார்ப்பைப் பார்த்துவிட்டார். மேலோக நடனக் காட்சிக்கு அது வேண்டும் என்றார். தங்க வர்ணம் அடித்து மேகத்துக்கு நடுவே வைப்பாராம். அதற்குப் பதிலாக ஆறாம் வகுப்புக் கூரைக்கு ஓடு மாற்றித் தருவதாகவும் சொன்னார். அந்த வகுப்பில் சாரல் காலத்தில் பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூட மானேஜர் ஐயா பேரில் குற்றம் சொல்ல முடியாது.

"மாஸ்டர், பத்து வருஷமா இது கம்பளிக்குள்ள கெடக்கு" என்றார் மானேஜர். "சுதந்திர தினத்தன்னைக்கு யாராவது ஒருத்தர் இத சபையில வாசிச்சுக் காட்டட்டும், வச்சுக்கிடலாம். இல்லன்னா சினிமாவுக்குப் போவுது."

அன்று மாஸ்டர் சாப்பிடவில்லை. பின்கட்டுக்கும் வாசலுக்குமாக நடந்து தீர்த்தார். "தங்கக் கலர் அடிப்பானாம்வே! பெயிண்ட அப்பினா பலக மூச்சு விடுமா? செத்துல்லா போவும்!"

அந்தப் பத்து வருஷத்து யோசனையெல்லாம் வீண் போகவில்லை. மூன்றாம் நாளே கண்டக்டர் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி ஓடி வந்தார். "சார், நீங்க சொல்லுவியள்லா ஒரு சாமான், அத வாசிக்கத் தெரிஞ்ச அம்மா ஒருத்தங்க குத்தாலத்துல வந்து எறங்கியிருக்காங்க!"

பக்கத்திலிருக்கிற வடகரைதான் அந்த அம்மாவுக்குப் பூர்வீகம். வளர்ந்தது கொழும்பு. அங்கே கன்னியர் மடத்துப் பள்ளியில் ஹார்ப் கற்றவர். சீசனுக்குக் கணவரோடு வந்திருந்தார். மாஸ்டர் கூப்பிட்ட கூப்பிடுதலில் மறுநாளே குடையோடு வந்துவிட்டார். வாசலிலிருந்தே மாஸ்டர், கழுத்தைப் பார்க்கணும், பலகையைப் பார்க்கணும் என்று ஆரம்பித்தார். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, ஹார்ப்பைத் தோளில் சாய்த்து, கையைத் தூக்கினார். தூக்கின கை அந்தரத்தில் நின்றது.

"மாஸ்டர், செவப்பு நரம்பு எங்க? கறுப்பு எங்க?"

"அதுவாம்மா? பூசணம்னு எல்லாத்தையும் எடுத்தாச்சு. இப்ப ஒரே வெள்ள."

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏழு சுரத்துல ஒண்ணு செவப்பு, ஒண்ணு கறுப்பு. அதப் பாத்துத்தான் வெரலு எடம் கண்டுபிடிக்கும். ரோட்டுல உள்ள மைல்கல்ல பூராவும் புடுங்கிப் போட்டுட்டு வண்டிய ஓட்டுன்னா எப்படி ஓட்டுதது?"

மாஸ்டரின் முகத்தை எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. "நானே கெடுத்துட்டேனா வே?" என்று என்னிடம் கேட்டார், ரொம்பச் சின்னக் குரலில். நான் ஓடிப்போய் விடைத்தாள் திருத்துகிற சிவப்பு மையும், கரும்பலகைக்குப் பூசுகிற கறுப்பும் கொண்டுவந்தேன். அந்த அம்மா உரிய நரம்புகளுக்கெல்லாம் வர்ணம் தடவி, ஆர்மோனியத்தோடு சுருதி சேர்த்து, ஒரு பாட்டு வாசித்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மாஸ்டரைக் காணோம். தூறலில் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். எந்த நேரம் எது அறுமோ என்று உள்ளே நிற்க முடியவில்லையாம்.

திரும்பி வந்தவரிடம் அந்த அம்மா அடுத்த குண்டைப் போட்டார். "சுதந்திர தினத்துக்கு முன்ன நாங்க கப்பல் ஏறணும். நீங்கதான் வாசிக்கணும்."

"நானா? நான் பராமரிப்பு மட்டுந்தாம்மா!"

"இத விட்டா வேற பராமரிப்பு கெடையாது மாஸ்டர். உக்காருங்க."

உட்காரவைப்பதே பெரும்பாடாக இருந்தது. பார் கம்பியில் தொங்கிக் காய்த்துப்போன விரல்கள். நரம்பருகே போய்ப் போய்த் திரும்பின. பத்து வருஷம் யாரையும் தொட விடாமல் காத்தவருக்குத் தன் கையையே நம்ப முடியவில்லை. பள்ளிக்கூட வாழ்த்துப் பாட்டைத்தான் தேர்ந்தெடுத்தார். "அதுக்குத்தாம்வே எல்லாவனும் அட்டென்ஷன்ல நிக்கணும். ஒருத்தனும் எந்திரிச்சுப் போவ முடியாது" என்றார். தாளம் வரவில்லை. லெஃப்ட், ரைட் என்று முணுமுணுத்துக்கொண்டு வாசித்தால் மட்டும் வந்தது. அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு, அதுவும் ஒரு தாளந்தான் என்று விட்டுவிட்டுக் கப்பலேறினார்.

சுதந்திர தினத்தன்று நல்ல சாரல். கொடியேற்றி முடிந்ததும் மண்டபத்தில் அத்தனை பேரும் விறைப்பாக நின்றோம். மானேஜர் பக்கத்தில் சினிமாக்காரர், வெளியே வண்டி தயாராக. மாஸ்டர் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைக் கண்டே பிள்ளைகள் பயந்துபோனார்கள். எங்கள் வாழ்த்துப் பாட்டு அன்றைக்குப் பட்டாளம் போகிற வேகத்தில் போனது. ஆனாலும் போனது, இரண்டு அடி ஒழுங்காகவே போனது. மூன்றாம் அடியில் படார் என்று நடு நரம்பு ஒன்று அறுந்து அவர் கன்னத்தில் அடித்தது.

தொலைந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். பாட்டு நிற்கவில்லை. அறுந்த நரம்பின் சுரம் வருகிற இடத்தில் மாஸ்டர் "லா" என்று வாயால் பாடினார். விரல் பாட்டுக்கு வாசித்தது. அந்த இடம் வந்தால் "லா". மறுபடி வந்தால் மறுபடி "லா". கண் நரம்பை விட்டு நகரவில்லை. கன்னத்தில் சிவப்பாக ஒரு கோடு. ஒரு பையன்கூடச் சிரிக்கவில்லை. கடைசி அடி வரும்போது எட்டாம் வகுப்பு முழுக்க அந்த ஒரு சுரத்துக்கு அவரோடு சேர்ந்து குரல் கொடுத்தது.

முடிந்ததும் மானேஜர் ஐயா சினிமாக்காரர் பக்கம் திரும்பி, "கூரை ஓட்டுக்கு வேற வழி பாத்துக்கிடுதோம். நீங்க போய்ட்டு வாங்க" என்றார். மாஸ்டர் ஹார்ப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் முன்னாலேயே அழுதார்.

அதற்குப் பிறகு நான் பெரிய பெரிய சபாக்களில் தேர்ந்த வித்வான்களைக் கேட்டுவிட்டேன். அவ்வளவு கர்ணகடூரமான ஒரு குரலை, அடுத்த முறை எப்போது வரும் என்று அவ்வளவு ஆசையோடு காத்திருந்து கேட்டது அன்றைக்கு மட்டுந்தான்.