கல்வெட்டு முளைச்ச புங்கமரம்

ஒரு காட்டுல ஒரு பள்ளிக்கூடம் இருந்துச்சு. காட்டுலதான், ஆனா உள்ள மரம்னு பாத்தா ஒண்ணே ஒண்ணுதான். மைதானம் முழுக்க சிமெண்ட். பிரேயர்ல புள்ளைங்க எல்லாம் ஒத்தக் கால்ல நிக்கும். பக்தியில இல்ல, சூட்டுல.

மரம் நடு விழா மட்டும் வருஷா வருஷம் தவறாது. தலைமை ஆசிரியர் மயில் ஏழு வருஷமா ஒரே குழியிலதான் நட்டாரு. தோகைய விரிப்பாரு, போட்டோ எடுப்பாங்க, ஒரே வாரத்துல செடி கருகிரும். அடுத்த வருஷத்துக்குக் குழி ரெடி.

ஒன்பதாங்கிளாஸ் கீரி வெடுக்கிக்கு இதப் பாத்தாலே பத்திக்கிட்டு வரும். குழாயடியில சிமெண்ட் வெடிச்ச இடத்துல ஒரு புங்கங்கன்னு தானா முளைச்சிருந்துச்சு. மூணு வருஷமா தான் குடிக்கக் கொண்டுவர்ற பாட்டில் தண்ணிய ஊத்தி அத வளத்திருந்தா. பள்ளிக்கூடத்துக்கே அது ஒண்ணுதான் நிழல். ஒண்ணாங்கிளாஸ் முயல் குட்டிங்க அதுக்கடியிலதான் சோறு திங்கும்.

ஒரு திங்கக்கிழமை மயில் சொன்னாரு: "நாளைக்குக் கரடி அதிகாரி வர்றாரு, பசுமைப் பள்ளி விருதுக்கு. அந்தப் புங்கமரத்த வெட்டிருங்க."

"எதுக்கு சார்?"ன்னா வெடுக்கி.

"பச்சைக் கார்ப்பெட் விரிக்கணும். நடுவுல துருத்திக்கிட்டு நிக்குது."

"பசுமை விருதுக்கு மரத்த வெட்டுவீங்களா? அப்ப நீச்சல் போட்டி வெச்சா குளத்த மூடிருவீங்களா சார்?"

"வாயப் பாரு! வெளிய போய் முட்டி போடு!"

வெளிய சிமெண்ட் தோசைக்கல்லு மாதிரி கொதிச்சுது. முட்டி போட்டபடியே கட்டடத்தப் பாத்தா. செவுரு விரிசல், ஜன்னலுக்குக் கதவில்ல. பளபளன்னு இருந்தது ஒண்ணே ஒண்ணு, வாசல்ல பெரியவங்க பேரு பொறிச்சிருந்த திறப்பு விழாக் கல்வெட்டு. வெடுக்கி சிரிச்சா.

மறுநாள் காலையில பியூன் மரங்கொத்தி வெட்ட வந்தாரு. மரத்தடியில உடைஞ்ச சிமெண்ட் பலகை ஒண்ணு நட்டு வெச்சிருந்துச்சு. அதுல சுண்ணாம்புல எழுதியிருந்துச்சு: "தலைமை ஆசிரியர் திருமிகு மயிலார் அவர்களின் பொற்கால்களால் நடப்பட்டது."

"ஐயய்யோ, ஐயா பேரு போட்டிருக்கு! நான் கொத்த மாட்டேம்பா."

மயில் கோவமா வந்தாரு. படிச்சாரு. திரும்பவும் படிச்சாரு. தோகை தானா விரிஞ்சுது.

"நான் எப்ப நட்டேன்?"

"மறந்துட்டீங்க சார். உங்களுக்கு இருக்குற வேலைக்கு இதெல்லாமா ஞாபகம் இருக்கும்?"ன்னா வெடுக்கி, பல்லக் கடிச்சுக்கிட்டு.

கரடி அதிகாரி வந்தாரு, கல்லத்தான் பாத்தாரு. வெடுக்கிகிட்ட கேட்டாரு: "ஏன்மா, நம்ம பேருல ஒண்ணும் இல்லையா?"

அன்னைக்கே பக்கத்துல சிமெண்ட உடைச்சு அவரு பேருல ஒரு கன்னு நட்டாங்க. விஷயம் பரவுச்சு. வார்டு மெம்பர் நரிக்கு ஒரு வேம்பு, பெற்றோர் சங்கத் தலைவர் பன்னிக்கு ஒரு நாவல். ஆளாளுக்குப் பேரு, பேருக்கொரு மரம். ரெண்டு வருஷத்துல சிமெண்டே இல்ல.

இப்ப தினமும் காலையில மயிலே குடம் தூக்கிட்டு வர்றாரு. பேரு போட்ட மரம் வாடினா மானக்கேடு இல்லையா! வெடுக்கி அந்த நிழல்ல உக்காந்து சொல்றா: "சார், வேருல ஊத்துங்க சார், கல்லு மேல ஊத்தாதீங்க!"

நீதி: மரம் வளர மண்ணும் தண்ணியும் அப்புறம். முதல்ல வெட்ட வர்றவன் பேர அடியில எழுது. அவனே குடத்தோட வருவான்.